படகு ஓடுமா என்பதையும் பத்திரிகையில் போடுங்கள்

கனம் ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு மலரில், மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருவோருக்கென்று ஒரு பயணத் திட்டம் வெளியிட்டிருந்தீர்கள். நான்கு நாள், பதினொரு இடம். முதல் நாள் நல்லூர், கோட்டை, நூலகம். இரண்டாம் நாள் நிலாவரை, கீரிமலை, காரைநகர் கசூரினாவில் கடற்குளிப்பு. மூன்றாம் நாள் வடமராட்சி. நான்காம் நாள் காலை நயினாதீவு, மதியம் நெடுந்தீவு, இரவு கொழும்பு பஸ், விடிய விமானம். எழுதியவர் சித்திரை வெயிலில் வந்து பார்த்துவிட்டு எழுதினாரோ என்னவோ. மார்கழியில் இந்த ஒழுங்கை நம்பி வருகிறவர் நான்காம் நாள் தீவுப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் இறங்குதுறையில் குடை பிடித்து நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்ப்பது நல்ல கோடையிலேயே ஓட்டப்பந்தயம்.

நான் வான் சாரதி. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கடை சனத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றி, இங்கே ஊர் ஊராகக் கொண்டு திரிந்து, திரும்பவும் கொண்டுபோய் விடுவது என் தொழில். நல்லூர்க் கொடியேற்றக் காலத்திலும் வருவார்கள், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து மார்கழியிலும் வருவார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு எங்கள் மாரியைப் பற்றி ஒருவரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, மழை எண்டா எவ்வளவு மழை?" என்பதுதான். லண்டனில் இருப்பவருக்கு நான் சொல்லும் கணக்கு இது: அங்கே வருடம் முழுக்கத் தூறித் தூறிச் சேர்வது ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். எங்கள் குடாநாட்டில் அதைவிடக் கூடுதலாக ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகையால், "எங்களுக்கு மழை பழக்கம்தானே" என்று லண்டன்காரர் சொல்வதில் அர்த்தமில்லை. அவருடைய மழைக்குக் கோட்டுப் போதும். எங்கள் மழைக்கு வீதி தெரியாது, மதகு தெரியாது, சில வேளை வீட்டுப் படலையும் தெரியாது.

ஆனால் மழை ஒரு பெரிய தடையே அல்ல. கோயிலுக்குக் கூரை உண்டு, நூலகத்துக்குக் கூரை உண்டு, என் வானுக்கும் உண்டு. ஒரு நாள் முழுக்க அடைமழை பெய்தால் அடுத்த நாள் வெளிக்கும். தடை கடல். மாரியில் வாடைக்காற்று எழும்பினால் தீவுப் பக்கம் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளும் நிறுத்தலாம், மூன்று நாளும் நிறுத்தலாம். அதை முன்கூட்டியே பணம் கட்டி முடிவு செய்ய ஒருவராலும் இயலாது. பயணத் திட்டத்தில் எது எங்கள் கையில் இல்லையோ அதை முதல் நாள் காலையில் வைக்க வேண்டும். முதல் நாள் படகு ஓடவில்லையா, நல்லூருக்குப் போங்கள். இரண்டாம் நாள் ஓடுகிறதா, வடமராட்சியைத் தள்ளிவையுங்கள். நல்லூர் எங்கேயும் ஓடிவிடாது. உங்கள் மலரில் வந்த ஒழுங்கு இதற்கு நேரெதிர். கடலைக் கடைசி நாளில் வைத்து, அதன் கழுத்தில் விமான ரிக்கெற்றையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.

கனடாவில் ஸ்காபரோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்கு நயினை நாகபூசணி அம்மனுக்கு ஒரு நேர்த்தி. மகனுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் பட்டுச் சேலை சாத்துவதாக வைத்தது. வந்ததே அதற்குத்தான். மகனோ ஒவ்வொரு நாளையும் மணித்தியாலக் கணக்கில் பிரித்து, நிறம் போட்டு அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். நயினாதீவு கடைசி நாள். "அம்மன் கோயிலை முதல் முடிப்பம், தம்பி" என்று நான் ஏ9 வீதியில் வரும்போதே சொன்னேன். "இல்லை அண்ணை, கடைசியாப் போனால்தான் அம்மாவுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார். அந்த நாள் பண்ணைப் பாலத்தில் ஏறும்போதே காற்று வானைத் தள்ளியது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை எல்லாம் தாண்டி, புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் மண் நிறத்தில் கிடந்தது. குறிகட்டுவானில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தேத்தண்ணிக் கடைக்குள் சனம்.

மகன் என்னைத் தனியே கூப்பிட்டு, "பெரிய போட் ஒண்டு எங்களுக்கு மட்டும் பிடிக்கேலாதோ? காசு பிரச்சினை இல்லை" என்றார். கடலுக்கு ரொறன்ரோக் காசும் ஒன்றுதான், இலங்கைக் காசும் ஒன்றுதான். கடைசியில் புங்குடுதீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டைத் தேடிப் பிடித்து, காலநிலை சரியானதும் கோயிலில் கொடுக்கச் சொல்லி அந்தச் சேலையை ஒப்படைத்துவிட்டு வந்தோம். அம்மா வழிநெடுக ஒரு சொல் பேசவில்லை. இத்தனைக்கும் அவர்கள் வந்திறங்கிய முதல் இரண்டு நாளும் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நகைக்கடையும் உடுப்புக்கடையும் ஏறி இறங்கினார்கள்.

நயினாதீவுக்காவது குறிகட்டுவானிலிருந்து கால் மணிப் பயணம். காற்றுச் சற்றுத் தணிந்தால் விட்டுவிடுவார்கள். நெடுந்தீவு அப்படியல்ல. ஒரு மணித்தியாலம் திறந்த கடலில் போகவேண்டும். போனது போலத் திரும்பி வரவும் வேண்டும். பின்னேரம் காற்று மாறித் திரும்பும் படகு நின்றுபோனால் இரவு தீவிலேதான். அங்கே தங்க இடமில்லை என்றல்ல. அடுத்த நாள் விமானம் வைத்திருப்பவர் தங்கலாமா என்பதுதான் கேள்வி. நெடுந்தீவுக்குப் போகிறவர் மாற்றுடுப்பு ஒன்று, மருந்து மாத்திரை, தொலைபேசிக்கு மின்கலம் எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோகட்டும். படகில் உயிர்காப்பு அங்கி தந்தால், புகைப்படத்துக்கு அழகில்லை என்று கழற்றி வைக்க வேண்டாம்.

இன்னொரு சேதி, காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல். உங்கள் குறிப்பில், "தமிழகக் கோயில்களையும் தரிசித்துவிட்டுக் கப்பலில் வந்திறங்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. நல்ல யோசனை, மாசி மாதத்துக்கு. அந்தக் கப்பல் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, மழைக்காலத்தைக் காரணம் சொல்லி அதே மாதத்திலேயே நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் திரும்பத் தொடங்கியது. நவம்பரில் காலநிலையால் நின்று, 2025 பெப்ரவரி 22ஆம் திகதிதான் மறுபடி ஓடியது. ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம், திறந்த பாக்குநீரிணை. வாடைக் காலத்தில் அது ஓடினால் இலாபம், ஓடாவிட்டால் நட்டமில்லை என்ற அளவில்தான் திட்டம் இருக்கவேண்டும். வயது போனவர்களைக் கூட்டிக்கொண்டு நாகபட்டினத்தில் வந்து காத்துக்கிடக்கும்படி ஒரு பத்திரிகை எழுதக் கூடாது.

கசூரினாக் கடற்குளிப்பும் அப்படித்தான். காரைநகர், கீரிமலை, பருத்தித்துறை எல்லாமே வடக்குக் கரை. வாடை நேரே வந்து அறைவது அங்கேதான். கீரிமலையில் கேணிக்குள் இறங்கலாம், கடலைத் திட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கொழும்புக்குத் திரும்பும் பயணத்தைப் பற்றி எங்கள் சாரதிகள் எல்லாருக்கும் ஒரே கருத்துத்தான். விமானத்துக்கு முதல் நாள் பகலிலேயே யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மழை இல்லாவிட்டால் எட்டு மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடுவோம். மழையில், அதுவும் இரவில், கணக்குச் சொல்ல மாட்டேன். நிலமெல்லாம் வெள்ளம் நின்றால் கட்டாக்காலி மாடுகள் காய்ந்த இடம் தேடி வீதியில் ஏறிப் படுத்துவிடும். கறுப்பு மாடு, கறுப்புத் தார், மேலே மழை. ஆனையிறவு தாண்டிப் பரந்தன், மாங்குளம் வரைக்கும் இந்தப் பயம் இருக்கிறது. எனக்கு வானத்து இடியை விட மாட்டுக்குத்தான் பயம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பேருந்து ஒன்று புத்தளம் – அனுராதபுரம் வீதியில் கலா ஓயாப் பாலத்தடியில் வெள்ளத்தில் அகப்பட்டதை நீங்களே முன்பக்கத்தில் போட்டிருந்தீர்கள். பயணிகள் ஒரு வீட்டுக் கூரையில் ஏறித் தப்பி, பிறகு கடற்படையினர் வந்து மீட்டார்கள். புயல் எல்லா வருடமும் அப்படி வராது. ஆனால் 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2024இல் ஃபெங்கல், 2025இல் டித்வா என்று எங்களுக்கு வந்தவை எல்லாமே நவம்பர், டிசம்பரில்தான் வந்தன. வெளிநாட்டில் பயணக் காப்புறுதி எடுக்கும்போது இந்த மாதங்களில் விமானம் தவறினால் என்ன கிடைக்கும் என்று ஒருமுறை வாசித்துவிட்டு எடுங்கள் என்று என் வாடிக்கைக்காரருக்குச் சொல்வேன். வாசிப்பவர் குறைவு.

இவ்வளவும் வாசித்தவர் மாரியில் வரவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்கக்கூடும். இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் ஆடி ஆவணியை விட மார்கழிதான் ஊர் பார்க்கச் சரியான காலம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கோடையில் வந்து பார்ப்பது புழுதியும் செம்மண்ணும் பனையும். "அப்பா சொன்ன ஊர் இதோ?" என்று கேட்கிறார்கள். அப்பா சொன்ன ஊர் மழைக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் சண்டிலிப்பாயையே எடுங்கள். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைத்தண்ணீரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வயல்களுக்குள்ளால் வந்து அராலியில் கடலேரிக்குள் விழும். ஆடியில் வந்து, "எங்கே ஆறு?" என்று கேட்டால் நான் ஒரு புல்லுத்தரையைக் காட்ட வேண்டும். மார்கழியில் வந்தால் மதகடியில் சிறுவர்கள் மீன் பிடிக்கிறதைக் காட்டலாம். எங்கள் நெல் முழுக்க மழையை நம்பிய ஒரே போகம். மார்கழியில் அது இடுப்பளவுக்கு நின்று பச்சையாக அலையடிக்கும். தைக்குப் பிறகுதான் அறுவடை. கந்தரோடை, சங்கானை, அராலி என்று அந்த வயல்வெளி வீதியில் மழை விட்ட கையோடு வானை மெதுவாக ஓட்டினால், பின்சீற்றில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள்.

கிணறும் அப்படியே. கீழே சுண்ணாம்புக்கல் என்பதால் பெய்த மழை உள்ளே இறங்கி நிற்கிறது. அதுதான் எங்கள் வருடத்துத் தண்ணீர். கோடையில் நீளக் கயிறு விட்டு எட்டிப் பார்க்கும் கிணறுகள் மார்கழியில் கையெட்டும் தூரத்துக்கு நிரம்பி நிற்கும். பூநாரைகளும் வெளிநாட்டுக்காரரைப் போல இந்தப் பருவத்தில்தான் வருகின்றன. சுண்டிக்குளம் கடலேரிப் பக்கம் காலையில் போனால் நல்ல கூட்டமாகக் காணலாம். படகு ஓடும் நாள் கிடைத்தால் நெடுந்தீவும் மாரியில்தான் அழகு. கோடையில் தண்ணீருக்கு அலையும் அந்தத் தீவின் காட்டுக்குதிரைகள் இப்போது புல்லுக்குள் நின்று மினுமினுக்கும். வடமராட்சியில் மணற்காட்டு மணலில் வெறுங்காலோடு நடக்கவும் இதுதான் காலம். மழை நனைத்த மணல் சுடாது, கால் அவ்வளவு புதையாது.

திருவெம்பாவைக் காலத்தில் வந்தால், விடியப்புறம் நாலரை ஐந்து மணிக்குச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும் சத்தத்துக்கு எழும்பலாம். நேரமாற்றத்தால் நித்திரை வராமல் கிடக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது வசதியும்கூட. பனங்கிழங்கு கிண்டத் தொடங்கியிருப்பார்கள். பின்னேர மழைக்கு ஒடியற்கூழ். நண்டும் திருக்கையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுப் புளி விட்டுக் காய்ச்சினால், ஹோட்டலில் அறை எடுத்தவர்களும் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையை விட்டுப் போகமாட்டார்கள். கடல் கொந்தளித்தால் மீன் விலை ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூழுக்கு நண்டு கிடைக்காத நாளில் என்னைக் குறை சொல்லக் கூடாது.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. வயல் வெள்ளத்திலும் வாய்க்காலிலும், காலில் புண்ணோடு பிள்ளைகளை இறங்க விடவேண்டாம். மாரியோடு டெங்குவும் வரும். நுளம்புக்குப் பூசும் மருந்து வெளிநாட்டிலிருந்தே கொண்டு வரலாம். காய்ச்சல் என்றால் பனடோலைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாமல் ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். வெள்ள அனர்த்தத்துக்கு 117, அவசர அம்புலன்சுக்கு 1990. இவற்றைத் தொலைபேசியில் போட்டு வைத்தால் போதும்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். உங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு நாளும் இராகுகாலம் வருகிறது, சுபநேரம் வருகிறது, தங்கத்தின் விலை வருகிறது. ஐப்பசி முதல் தை முடியும்வரை ஒரு சின்னப் பெட்டி போட்டு நான்கு விடயம் வெளியிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் முதல் நாள் பின்னேரம் வடக்குக் கடலுக்குச் சொன்ன காற்றின் வேகமும் எச்சரிக்கையும் ஒன்று. நேற்று நயினாதீவு, நெடுந்தீவு, எழுவைதீவு, அனலைதீவுப் படகுகள் ஓடினவா, நின்றனவா என்பது இரண்டு. ஏ9, மன்னார், புத்தளம் வீதிகளில் எங்காவது தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பது மூன்று. காங்கேசன்துறைக் கப்பல் நான்கு.

"இரவு அச்சாகும் பத்திரிகையில் காலைப் படகை எப்படிப் போடுவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் நேற்று நின்றது என்று தெரிந்தாலே இன்றைக்கு வானை எடுக்க முதல் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வரும். காலை நிலவரத்தை ஆறு மணிக்கு உங்கள் இணையப் பக்கத்தில் ஒரு வரியாகப் போடலாம். அதற்கு நிருபர் குறிகட்டுவானுக்குப் போகத் தேவையில்லை. அந்த நேரத்தில் துறையடியில் எங்கள் சாரதிகள் யாராவது நிற்பார்கள், முதல் பஸ்ஸில் வந்த தீவுச்சனம் நிற்கும். ஒரு அழைப்பு எடுத்தால் போதும். இப்போது அந்தத் தகவல் எங்கள் வட்டத்துக்குள்ளேயே தொலைபேசியில் சுற்றுகிறது. வெளியாளுக்குத் தெரிய வழியில்லை.

இது வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் வரும் நோயாளி, தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் ரீச்சர், எழுவைதீவுக்குச் சாமான் ஏற்றும் கடைக்காரர் எல்லாரும் இதே கேள்வியோடுதான் விடியப்புறம் எழும்புகிறார்கள். சுற்றுலாக்காரர் ஒரு நாளை இழப்பார். இவர்கள் மாரி முழுக்க இழக்கிறார்கள். ஊர்காவற்றுறைத் துறையடிவரை வந்து திரும்பிப் போகும் பஸ் காசையாவது உங்கள் பெட்டி மிச்சப்படுத்தும்.

அதோடு, அந்த நான்கு நாள் திட்டத்தைத் திருத்தி இன்னொரு முறை வெளியிடுங்கள். தீவு முதலில், கொழும்பு விமானத்துக்கு முன்னால் ஒரு வெறும் நாள், கடற்குளிப்பு நீக்கம். ஐந்து நாளாக ஆக்கினால் இன்னும் நல்லது.

பெட்டிக்கு இடம் போதாவிட்டால் இராசிபலனில் ஒரு இராசிக்கு இரண்டு வரி குறைத்துப் பாருங்கள். நான் கடகம். எனக்குக் குறைத்தாலும் ஆட்சேபமில்லை.

இவ்வண்ணம்,
வான் சாரதி ஒருவர்,
சண்டிலிப்பாய்.